ஏழாவது கம்பி நிக்குது

நான் முப்பத்தோரு வருஷம் பார்த்த வேலையை இப்போது தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா பார்க்கிறது. பேரிங் மேல் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு, எந்த மெஷின் எவ்வளவு ஆடுகிறது என்று நேராக போனுக்கு அனுப்பிவிடுகிறதாம். அதற்கு நாஷ்டா டைம் கிடையாது, லீவு கிடையாது, யூனியன் கிடையாது. நல்ல உத்தியோகஸ்தன்.

ரிட்டயரான எங்களையும் விட்டுவைத்திருக்கும் கம்பெனி வாட்ஸப் குரூப்பில், மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்த இன்ஜினியரம்மா ஒருவர் போன மாதம் கேட்டார்: "அங்கிள், ஆபரேட்டர் லாக் புக்கை எடுத்துடலாம்னு இருக்கோம். அதுல எழுதறது யாருக்குமே புரியல. நீங்கள்லாம் அதை வெச்சு எப்படித்தான் வேலை பாத்தீங்க?" பத்துப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நான் போடவில்லை. அந்த லாக் புக்கில் ஒரு வார்த்தை புரியாமல் போனதற்கு நான் சாட்சி. சாட்சி என்று சொல்வதும் எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் மரியாதைதான்.

என் பெயர் ஞானப்பிரகாசம். ஊர் ஆரம்பாக்கம். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தேன், இரண்டு கம்பெனியில் திட்டு வாங்கினேன், மூன்றாவதில் நிலைத்தேன். பயிற்சிக்காலம் இவ்வளவுதான். மூன்றாவது கம்பெனியின் பெயர் வேண்டாம். கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஜி.ஐ. கம்பி செய்கிற கம்பெனி என்றால் போதும். இருபத்து நாலு இரும்புக் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆசிட்டில் குளித்து, ஜிங்க் என்கிற துத்தநாகம் உருகிக் கிடக்கும் தொட்டியில் முங்கி, வெள்ளையாக வெளியே வந்து, கடைசியில் டிரம்மில் சுற்றிக்கொள்ளும். முங்கி எழுந்த இடத்துக்கும் டிரம்முக்கும் நடுவே பதினாலு மீட்டர் கம்பி எந்தத் தாங்கலும் இல்லாமல் அந்தரத்தில் போகும். என் வேலை அங்கே இருக்கிற மோட்டார், உருளை, பேரிங் எல்லாம் எவ்வளவு அதிர்கிறது என்று அளந்து எழுதுவது.

யாருக்கு எழுதுவது? மெயின்டனன்ஸ் இன்ஜினியர் வரதராஜன் சாருக்கு.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். மெஷின் பக்கத்தில் போய் நிற்பார்; மெஷினைப் பார்க்க மாட்டார். கையை நீட்டுவார். அளவெடுத்த காகிதத்தை அந்தக் கையில் வைக்கவேண்டும். முழுதும் படித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு முனையை பேரிங் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். திறந்ததும் "காகிதம் சரியா இருக்கு" என்பார். அல்லது "காகிதம் சரியில்லை" என்பார். மெஷின் சரியா இல்லையா என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. ஒருமுறை மழையில் ஷெட் கூரை ஒழுகி அவர் தலையிலேயே சொட்டியது. அண்ணாந்துகூடப் பார்க்காமல், "இதை யார் ரிப்போர்ட் பண்ணினது?" என்று கேட்டார். யாரும் பண்ணவில்லை என்றோம். நகர்ந்து நின்றுகொண்டார்.

கெட்ட மனுஷர் இல்லை. காகிதத்தில் இருந்தால் எம்.டி.யிடமும் சண்டை போடுவார். இல்லாவிட்டால் தன் தலையில் விழுந்த தண்ணீரும் தண்ணீர் இல்லை.

அவர்தான் என்னை ஆபரேட்டர்களுக்குத் தமிழில் வகுப்பெடுக்கச் சொன்னார். அந்தரத்தில் போகிற கம்பி சில சமயம் ஆடும். சாதாரண ஆட்டம் என்றால் கம்பி நெடுகிலும் ஓடிப்போய்விடும். ஆனால் உருளை சுற்றுகிற தாளமும் கம்பியின் தாளமும் ஒத்துப்போனால், அலை ஓடாது. நின்ற இடத்திலேயே குதிக்கும். கம்பி இரண்டு வயிறாகப் பிரிந்து மேலும் கீழும் போகும். நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் இருக்கும். அதற்குப் பாடப்புத்தகத்தில் 'நிலை அலை' என்று பேர். நான் போர்டில் அப்படித்தான் எழுதினேன்.

"நிலைன்னா, வாசக்கால் நிலையா சார்?" என்று ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. வீடு கட்டிக்கொண்டிருந்தார், நிலை வைத்த கவலை அவருக்கு. நான் நிலையை அழித்துவிட்டு 'நிக்கிற அலை' என்று எழுதினேன். எல்லோருக்கும் புரிந்தது. "அலை நிக்குதுன்னா ஆபத்து. தரையில போட்டிருக்கிற மஞ்சக் கோட்டுக்கு உள்ள போகாதீங்க. லைனை நீங்களா நிறுத்தாதீங்க, ஜிங்க் தொட்டி பேஜாராயிடும். லாக் புக்குல எழுதிட்டு மெயின்டனன்ஸுக்குக் காத்திருங்க. நாங்க வந்து பாத்து முடிவு சொல்லுவோம்." இதையெல்லாம் என் நோட்டில் வார்த்தை மாறாமல் எழுதி சாரிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் இனிஷியல் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தமிழுக்கே ஒரு சொல் கொடுத்துவிட்ட மாதிரி நடந்துகொண்டேன்.

அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர் கன்னியப்பன் அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவர் அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர். அவர்கள் வீட்டிலிருந்து கம்பெனிச் சட்டை போட்ட முதல் ஆள் இவர். லைனுக்கு ஏ ஷிஃப்ட் ஆபரேட்டர். விதி என்றால் விதி. கண்ட்ரோல் பேனலுக்கு மேலே வரதராஜன் சார் எழுதின போர்டு தொங்கும்: 'வேகத்தை ஐந்து ஐந்தாக, மெதுவாக ஏற்றவும்.' அண்ணன் ஐந்து ஐந்தாக ஏற்றுவார். ஒவ்வொரு ஐந்துக்கும் நடுவே போர்டை ஒருமுறை பார்த்துக்கொள்வார், அது மாறிவிட்டிருக்குமோ என்பது போல.

பி ஷிஃப்டில் தனசேகர். அவன் போர்டைப் படித்ததாக யாரும் சொல்லவில்லை. ஒரே முறுக்கில் எழுபதைத் தாண்டவிட்டு, "அய்யய்யோ" என்று ஒரு சத்தம் கொடுத்து, அறுபதுக்கு இறக்குவான். தினமும் அய்யய்யோ.

இதில் வேடிக்கை என்னவென்றால், தனசேகர் ஷிஃப்டில் கம்பி சமர்த்தாக ஓடும். அண்ணன் ஷிஃப்டில்தான் ஏழாவது கம்பி ஆடும். இரண்டு பேரும் ஓட்டுவது அதே அறுபதில். அந்த வருஷம் சிறந்த ஆபரேட்டர் என்று தனசேகருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அண்ணனுக்கு, கை ராசி சரியில்லை என்ற பேர் கிடைத்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். காலை ஆறே முக்கால். முதல்நாள் லாக் புக்கில் '7-ம் கம்பி அலை' என்று எழுதியிருந்தது. அன்றைக்குப் புதிதாக ஒரு வரி, அண்ணனின் கொட்டைக் கொட்டை எழுத்தில்: '7-ம் கம்பி அலை நிக்குது. ஸ்பீடு 60.'

நான் படித்தேன். நேற்று இருந்த அலை இன்றைக்கு நிற்கிறது. அதாவது நின்றுவிட்டது. நல்ல சேதி. கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனுக்குப் போனேன்.

நின்றுவிட்டால் எந்தத் தமிழனும் 'நின்னுடுச்சு' என்றுதான் எழுதுவான். 'நிக்குது' என்று எழுதமாட்டான். இது எனக்குப் பிறகு தோன்றியது. அந்த வார்த்தையைப் போர்டில் எழுதிக் கைத்தட்டல் வாங்கினவன் நான். அதே வார்த்தை என் முன்னால் வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. கேன்டீனில் அன்றைக்குப் பொங்கல். அதுவும் ஒரு காரணம்.

பொங்கலில் கை வைத்தபோது சைரன் அடித்தது. ஒரு கம்பிச்சுருள் தீர்ந்தால் அடுத்த சுருளின் முனையோடு வெல்டு வைத்து ஒட்டுவார்கள். ஏழாவது கம்பியில் அந்த ஒட்டு, ஆடுகிற வயிற்றுக்கு வந்ததும் அறுந்துவிட்டது. அறுந்த முனை சாட்டையாக விசிறியிருக்கிறது. அண்ணன் மஞ்சள் கோட்டுக்கு உள்ளே, துத்தநாகப் பூச்சு பார்க்கப் போயிருந்தார். இடது கையில் மூன்று விரல் போய்விட்டது. நான் ஓடிப்போனபோது துணியில் கையைச் சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "லைனை நிறுத்திட்டாங்களா?" என்று என்னைக் கேட்டார். ஜிங்க் தொட்டி பேஜாராகிவிடுமாம்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். அவர் சம்சாரம் சரோஜாக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். கம்பெனியிலிருந்து வந்தது, இங்கிலீஷில்.

"இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சுச் சொல்லு நைனா," என்றார் அண்ணன். "நஷ்ட ஈடு விசயமா இருக்கும்."

குற்றச்சாட்டு மெமோ. ஆட்டம் இருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டதாக லாக் புக்கில் பொய்யாகப் பதிவு செய்தது. விதியை மீறி மஞ்சள் கோட்டைத் தாண்டியது. வேலையிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கீழே வரதராஜன் சாரின் ரிப்போர்ட்டை ஆதாரமாகக் காட்டியிருந்தார்கள். நான் எல்லாவற்றையும் தமிழில் அண்ணனுக்குச் சொன்னேன்.

"நின்னுபோச்சின்னு நான் எங்க எழுதினேன்? நிக்குதுன்னுதானே எழுதினேன்? நீ கிளாஸ்ல சொல்லிக்குடுத்த மாதிரிதானே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சரோஜாக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் பெண் நர்சிங் இரண்டாம் வருஷம். "வேல போயிடுமா தம்பி?" என்று சரோஜாக்கா கேட்டார். "விசாரணைன்னு ஒண்ணு இருக்குதுல்லக்கா, அதுல சொல்லிக்கலாம்" என்றேன். என்ன சொல்லிக்கொள்வது, யார் சொல்லுவது என்பதை நான் விளக்கவில்லை.

சொல்ல வேண்டியது என் லாக்கரில் இருந்தது. வகுப்பு நோட்டு. 'நிக்கிற அலை' என்று என் கையெழுத்து, பக்கத்தில் சாரின் இனிஷியல். மற்ற ஆபரேட்டர்கள் யாரும் குறிப்பு எடுத்தவர்கள் இல்லை. ஆதாரம் என்று இருந்தது அது ஒன்றுதான். அதைக் காட்டினால் அண்ணன் எழுதினது உண்மை என்று ஆகும்; அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் குருடன் என்றும் ஆகும். அந்த மாதம்தான் எனக்கு ஃபோர்மேன் பதவி உயர்வுக்குக் காகிதம் போயிருந்தது. பதினாறு நாள் நான் அந்த லாக்கரைத் திறக்கவில்லை. டிபன் பாக்ஸைக்கூட வெளியே வைத்துக்கொண்டேன். பயந்தேன். வேறு நல்ல வார்த்தை எதுவும் இதற்கு இல்லை.

விசாரணை டிரெய்னிங் ஹாலில் நடந்தது, நான் வகுப்பெடுத்த அதே ஹால். வெளியிலிருந்து ஒரு வக்கீலை விசாரணை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே முதல் பெஞ்சு. வரதராஜன் சார் லாக் புக்கைத் தூக்கிக் காட்டி, "பதிவில் நிற்கிறது என்று இருக்கிறது. பதினைந்து நிமிஷத்தில் கம்பி அறுந்திருக்கிறது. பதிவு பொய்," என்றார். அவருக்கு அண்ணன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. காகிதம் சரியில்லை, அவ்வளவுதான்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். அன்று காலை லாக்கரைத் திறந்துவிட்டிருந்தேன். ஏன் அன்றைக்குத் திறந்தேன் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரயிலில் சரோஜாக்கா எதிர் சீட்டில் உட்கார்ந்து, நான் அண்ணனுக்காகப் பேசப்போகிறேன் என்று நம்பி, வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார்.

"இந்தப் பதிவை நீங்க படிச்சீங்களா?" என்றார் வக்கீல்.

"படிச்சேன் சார்."

"என்னன்னு புரிஞ்சுது?"

"ஆட்டம் நின்னுபோச்சுன்னு புரிஞ்சுது."

"அப்போ அவர் எழுதினது தப்பு."

"இல்ல சார். நான் படிச்சது தப்பு."

நோட்டைக் கொடுத்தேன். வக்கீல் பார்த்துவிட்டு வரதராஜன் சாரிடம் தள்ளினார். சார் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் படித்தார். இருந்தது நாலு வரி. தன் இனிஷியலை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார், மை உதிர்கிறதா என்று. பிறகு எழுந்து, "காகிதம் சரியா இருக்கு. லைனுக்குப் போகலாம்," என்றார். விசாரணையின் நடுவில் அப்படி எழுந்து போகக்கூடாது என்று வக்கீல் சொன்னார். சார் வாசலைத் தாண்டிப் போயிருந்தார்.

லைனில் சாரே பேனலில் நின்றார். நியூஸ்பேப்பரில் ஒரு துண்டு கிழித்து, சின்ன வளையமாக்கி, ஏழாவது கம்பியில் தொங்கவிடச் சொன்னார். கம்பி அதன் நடுவே வழுக்கிக்கொண்டு ஓடும். வளையம் போகாமல் இருக்க நீள நூலால் கட்டி, எட்ட நின்று பிடித்துக்கொண்டேன். போர்டில் இருந்தபடி ஐந்து ஐந்தாக ஏற்றினார். ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் கம்பி வயிறு தள்ள ஆரம்பித்தது. அறுபதில் இரண்டு வயிறும் ஒரு முழம். என் நூலில் இருந்த வளையம் படபடவென்று அடித்துக்கொண்டு கிழிந்தது. இன்னொன்றை நடுப்புள்ளிக்குக் கொண்டுபோனேன். அங்கே அது பாட்டுக்குச் சும்மா தொங்கியது.

"இப்போ தனசேகர் எப்படி ஓட்டுவான்?" என்றார்.

தனசேகரே முன்னால் வந்து, எழுபதுக்கு ஏற்றி, அறுபதுக்கு இறக்கிக் காட்டினான். பெரிய மனுஷர்கள் இருந்ததால் அய்யய்யோ மட்டும் சொல்லவில்லை. அதே அறுபது. கம்பி கோடு போட்ட மாதிரி இருந்தது.

சார் ஒரு மூங்கில் குச்சியை வாங்கி, எட்ட நின்று கம்பியை லேசாகத் தட்டினார். கொஞ்சம் நடுங்கி அடங்கியது. இன்னும் ஓங்கித் தட்டினார். கம்பி ஒரே எம்பாக எம்பிப் பெரிய ஆட்டத்துக்குப் போய்விட்டது. குச்சியை எடுத்த பிறகும் திரும்பி வரவில்லை. அது பாட்டுக்கு அங்கேயே நின்று குதித்தது.

அவர் பேசினதிலேயே நீளமான பேச்சு அன்றைக்குப் பேசினதுதான். "ஆட ஆடக் கம்பி இறுகுது. இறுகின கம்பிக்கு இன்னும் வேகமான தாளம் வேணும். நாம மெதுவா ஏத்த ஏத்த, அது கேக்கற தாளத்தைக் கேக்கக் கேக்கக் குடுக்கறோம். மேலேருந்து இறங்கி வந்தா அதுக்குத் தாளம் பிடிபடல, சும்மா இருக்கு. ஒரே வேகத்துல ரெண்டு குணம். எப்படி வந்தோம்கறதுதான் விஷயம்." பிறகு தன் போர்டைப் பார்த்தார். "இதை எழுதினது நான்," என்றார். மாட்டியிருந்த ஆணியிலிருந்து தன் கையாலேயே கழற்றினார்.

கன்னியப்பன் அண்ணன் பதினோரு வருஷம் அந்தப் போர்டு சொன்னபடி ஓட்டினவர். விதியை ஒரு தடவையாவது மீறியிருந்தால் கடிகாரம் அவருக்குக் கிடைத்திருக்கும்.

அந்தரம் முடிகிற டிரம் பக்கத்தில், ஏழாவது கம்பிக்குக் கீழே ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு உருளை இருக்கும். அது தேய்ந்து கோணலாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அதுதான். மாற்ற இருபது நிமிஷம் ஆனது.

பொய்ப்பதிவு என்ற குற்றச்சாட்டு அன்றே தள்ளுபடியானது. மஞ்சள் கோட்டைத் தாண்டினது மட்டும் பாக்கி. "அலை நிற்கிறதென்று நீங்களே எழுதிவிட்டு ஏன் உள்ளே போனீங்க? யாராவது போகச் சொன்னாங்களா?" என்று வக்கீல் கேட்டார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "யாரும் சொல்லல சார். நானாத்தான் போனேன்," என்றார். அதற்காக அவருக்கு நாலு நாள் சஸ்பென்ஷன். பிறகு வேலை திரும்பக் கிடைத்தது, ஸ்டோரில். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஃபோர்மேன் மூன்று வருஷம் தள்ளிப்போனது. மலிவாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் நல்லவனாகக்கூட நினைத்துக்கொண்டேன், வெட்கமில்லாமல்.

அவர் ஸ்டோருக்கு வந்த முதல் வாரம், மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"ண்ணா, தப்பா நினைச்சுக்காதே. நிக்குதுன்னு நீயே எழுதிட்டு, அப்புறம் ஏன் உள்ள போனே? நீ அப்பிடிப் போற ஆளு இல்லியே?"

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா?"

"இன்னாது?"

"கையெழுத்து போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சே. இப்பிடிக் காமிச்சே." வலது கைக் கட்டைவிரலைத் தூக்கினார். "சத்தத்துல பேச முடியாதில்ல, அதான் கைல சொல்றான்னு நெனைச்சேன். மெயின்டனன்ஸ் பாத்துட்டாங்க, போலாம்னு சொல்றான்னு. அதான் போனேன்."

ஞாபகம் வந்தது. காட்டினேன். கேன்டீனுக்குப் போகிற அவசரத்தில், ஆட்டம் நின்றதே, சபாஷ் என்று காட்டினேன்.

"விசாரணைல கேட்டாங்களேண்ணா. யாராச்சும் சொன்னாங்களான்னு."

"கேட்டாங்க."

"சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உன் வேலயும் போயிருக்கும். என் விரலு திரும்ப வந்துடுமா? போனா போவுது, உடு." இடது கையால் டிபன் பாக்ஸை அணைத்துப் பிடித்து மூடியைத் திருகப் பார்த்தார். அது கூடவே சுற்றியது. "இத்தெக் கொஞ்சம் தொறந்து குடு நைனா. இதுதான் இன்னும் பழக்கம் வரல."

நான் ஒரு நோட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு பயந்துகிடந்த பதினாறு நாளும், அந்த ஆள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. மூடியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். "சாப்புடு, ஆறிடும்," என்றார்.